குளச்சல் போருக்குப் படை கட்டுகிறேன்: பிரைமர், பழைய ஈய பொம்மை, முண்டு

வேளிமலை:
மக்களே, வணக்கம். துபாயில் இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமை ஆனால் வார்ஹாமர் ஃபேண்டசிதான், குட்டிப் பொம்மைப் படைகளைத் தீட்டி மேசை மேல் மோதவிடுகிற ஆட்டம். 2015-இல் கம்பெனி அந்த உலகத்தையே இழுத்து மூடியது, நானும் பிரஷ்ஷைக் கழுவி உள்ளே வைத்துவிட்டேன். இப்போது ஊரோடு வந்தாயிற்று, குலசேகரம் பக்கம். 2024-இல் ‘தி ஓல்ட் வேர்ல்ட்’ என்ற பெயரில் அது திரும்பி வந்ததும் கை அரிக்கத்தான் செய்தது. ஆனால் குள்ளர் படைக்கு மறுபடியும் தாடி தீட்டிக்கொண்டிருக்க மனசில்லை.

நாகர்கோவில் போகும்போதெல்லாம் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை கண்ணில் படுகிறது. உள்ளே டிலனாய் கல்லறை, லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. 1741-இல் டச்சுக்காரர்களோடு குளச்சலில் வந்து பிடிபட்டு, அப்புறம் தன்னைத் தோற்கடித்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்து, 1777-இல் இங்கேயே கண்ணை மூடிய மனுஷன். இப்படி ஒரு சண்டை வீட்டு வாசலில் கிடக்கும்போது நான் எதற்கு எங்கேயோ இருக்கிற கற்பனை மலைக்குப் போக வேண்டும்?

டச்சுக்காரர்களுக்கு ஆள் இருக்கிறது. துபாயில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்த பழைய ஈய பொம்மைகள், மூன்று மூலைத் தொப்பி போட்டவை. பெட்டியைத் திறந்தால் சிலவற்றில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. நம்ம பக்கத்துக்கு, முண்டு கட்டி வாளும் கேடயமும் பிடித்த ஆட்கள், செட்டாக எனக்கு எதுவும் அகப்படவில்லை. இன்னொன்று, ஸ்ப்ரே பிரைமர், பெயிண்டுக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சு. ஆனியில் அடித்தால் சொரசொரவென்று வருகிறது. பொறுத்திருந்தால் ஐப்பசி மழை. நம்ம மாவட்டத்தில் இதை எப்போதுதான் அடிப்பது?

முட்டம்_லைட்ஹவுஸ்:
அண்ணே, இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு டப்பா ஸ்ப்ரேயை நம்பாதீர்கள். குளச்சலில் டச்சுக்காரர்களும் மழைக்காலத்தில்தான் மாட்டினார்கள், உங்கள் பிரைமர் எம்மாத்திரம். வல்லேஜோ சர்ஃபேஸ் பிரைமர் வாங்கி பிரஷ்ஷால் பூசுங்கள். மெல்லிசாக இரண்டு கோட். ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள், அவசரப்பட்டு நகத்தால் சுரண்டிப் பார்த்தால் தோல் மாதிரி உரிந்து வரும். ஸ்ப்ரேதான் வேண்டும் என்றால் தை, மாசியில் பனி விலகிய பிறகு, காற்று ஏறுவதற்கு முன். மேட் வார்னிஷுக்கும் இதே கதைதான். ஈரக்காற்றில் அடித்தால் பொம்மை முழுக்க வெளுத்துப் போகும். அது பிரைமரை விட வயிற்றெரிச்சல், ஏனென்றால் எல்லா வேலையும் முடிந்த பிறகு நடப்பது.

ஒட்டுப்பால்:
அண்ணாச்சி, அந்தப் பெட்டி எங்கே இருந்தது? ரப்பர் ஷீட் அடிக்கிற புரையிலா? பால் உறைய வைக்க ஊற்றுகிறோமே, அந்த ஃபார்மிக் ஆசிட்டின் ஆவி ஈயத்துக்கு ஆகாது. புது மரப்பெட்டியும் பிளைவுட்டும் கூட ஆசிட் ஆவி விடும். அடைத்த பெட்டிக்குள் அது தங்கி ஈயத்தை அரிக்க ஆரம்பித்தால் வெள்ளைப் பொடியாகத்தான் வரும்.

அந்தப் பொடி விஷம். ஊதாதீர்கள், காய்ந்தபடி உரசாதீர்கள். கையுறை, மாஸ்க் போட்டுக்கொண்டு பழைய டூத் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்துக் கழுவுங்கள், அதுவும் அடுக்களைத் தொட்டியில் வேண்டாம். நன்றாகக் காய்ந்ததும் உடனே பிரைமர் பூசி பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். கை கால் வரைக்கும் அரித்துப் போனதை விட்டுவிடுங்கள், அது தேறாது. பேரப்பிள்ளைகள் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள்.

கோட்டாறு_முக்கு:
முண்டுக்கு இவ்வளவு யோசனை வேண்டாம். சட்டை இல்லாத ஏதாவது ஒரு பொம்மையை எடுத்து, டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து இடுப்பில் சுற்றுங்கள். ஈரத்தில் ஊசியால் மடிப்பை இழுத்துவிட்டால் போதும். எம்-சீலில் செய்தால் தடித்துப் பாவாடை மாதிரி நிற்கும். கேடயத்துக்கு எம்-சீல் நல்லது.

பெயிண்டில் இரண்டு விஷயம். முண்டுக்கு நேராக வெள்ளை அடிக்காதீர்கள். பழுப்பு கலந்த சாம்பலில் தொடங்கி, தந்த நிறம், கடைசியில் மடிப்பின் முனையில் மட்டும் வெள்ளை. கோடிமுண்டு கூட வெயிலில் சுத்த வெள்ளையாகத் தெரியாதே. தோலுக்கு அடர்ந்த பழுப்பு, மேலே செம்பழுப்பு வாஷ், அதாவது பள்ளங்களில் இறங்குகிற நீர்த்த பெயிண்ட். மேடான இடங்களின் ஹைலைட்டுக்கு வெள்ளையைக் கலந்தால் சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிடும், ஆரஞ்சோ காவியோ கலக்க வேண்டும். யூடியூபில் வருகிற தோல் பாடமெல்லாம் பெரும்பாலும் வெள்ளைக்காரத் தோலுக்குத்தான்.

பொம்மை நிற்கிற பேஸுக்கு மணவாளக்குறிச்சி கருமணல் போட்டுப் பாருங்கள், கடற்கரை அசலாக இருக்கும்.

ஒட்டுப்பால்:
தம்பி, அது மோனசைட் உள்ள மணல். தோரியம் இருக்கிறது என்றுதானே மத்திய அரசின் மணல் கம்பெனி ஐஆர்இஎல் அங்கே உட்கார்ந்திருக்கிறது? ஒரு சிட்டிகையால் ஒன்றும் ஆகாதுதான், ஆனாலும் படுக்கிற அறை அலமாரியில் எதற்கு? கடல் மணலில் உப்பு வேறு, காற்றில் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆற்று மணலைக் கழுவி, தேயிலை வடிகட்டியில் சலித்து ஒட்டி, மேலே கறுப்பும் சிவப்பும் டிரைபிரஷ் பண்ணினால், அதாவது பெயிண்டைத் துடைத்த பிரஷ்ஷால் லேசாக உரசினால், யார் கண்டுபிடிப்பார்கள்? புல்லுக்குத் தென்னை நாரைப் பொடியாக நறுக்கி ஒட்டலாம்.

வேளிமலை:
எல்லோருக்கும் நன்றி. ஒட்டுப்பால், பெட்டி இருந்தது புரைக்குப் பக்கத்து அறையில்தான், சரியாகப் பிடித்தீர்கள். இன்றைக்கே இடம் மாற்றியாயிற்று. கையால் பூசுகிற பிரைமருக்கு ஆர்டரும் போட்டுவிட்டேன்.

முதலில் தீட்டப் போவது நாயர் படையை இல்லை, குளச்சல் மீனவர்களை. துடுப்பைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்துக் கரையில் வரிசையாக நின்று டச்சுக்காரர்களை ஏமாற்றினார்கள், பனந்தடியை வண்டியில் ஏற்றி பீரங்கி என்று காட்டினார்கள் என்று நம்ம பக்கம் ஒரு கதை உண்டல்லவா. ஊர்க்கதைதான், ஆனால் மேசை மேல் அருமையான விதி. 12 அங்குலத்துக்கு அப்பால் எல்லா வரிசையும் துப்பாக்கிப் படை என்றே கணக்கு. கிட்டே வந்த பிறகுதான் எது துடுப்பு, எது துப்பாக்கி என்று எதிராளிக்குச் சொல்ல வேண்டும். துடுப்புக்கு ஊதுபத்திக் குச்சியைச் சீவி, நுனியில் எம்-சீலைத் தட்டி ஒட்டிப் பார்த்தேன், நன்றாகவே வருகிறது.

இனி வேண்டியது டச்சுக்காரனாக உட்கார ஒரு ஆள். தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இருப்பவர்கள் தனிமடல் போடுங்கள். ஆடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சொல்லித் தருகிறேன்.

முட்டம்_லைட்ஹவுஸ்:
தோற்கிற பக்கத்துக்கு ஆள் கூப்பிடுகிறீர்கள் பாருங்கள் அண்ணே. சரி, நான் வருகிறேன். ஆனால் துடுப்பு விதியை முதலில் எழுதி அனுப்புங்கள்.