அப்பா இங்கிலாந்து, அம்மா அயர்லாந்து: இது தனி இனமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

லிவர்பூலிலிருந்து:

இங்கே நர்ஸாக வேலை பார்க்கிறேன். நோயாளியைச் சேர்க்கும்போது ‘உங்கள் இனம் எது’ என்று ஒரு படிவத்தில் கேட்க வேண்டும். ஆங்கிலேயர், வேல்ஸ்காரர், ஸ்காட்லாந்துக்காரர், பிரிட்டிஷ் எல்லாம் சேர்ந்து ஒரு கட்டம், அதற்குக் கீழே ஐரிஷுக்குத் தனிக் கட்டம். ஒரு வயதான அம்மா பேனாவைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் யோசித்தார். அவருடைய அம்மா அயர்லாந்தின் மேயோவிலிருந்து வந்தவர், அப்பா இங்கிலாந்தின் லங்காஷயர்காரர். கலப்பினம் என்று ஒரு பகுதி இருக்கிறதே என்று பார்த்தால் அங்கே வெள்ளையர்–கரீபியர், வெள்ளையர்–ஆசியர் என்றுதான் இருக்கிறது, இவருக்கு அதில் இடமே இல்லை. கடைசியில் பிரிட்டிஷ் கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, ஓரத்தில் கையாலேயே ‘ஐரிஷும்தான்’ என்று எழுதிக் கொடுத்தார். கணினியில் ஏற்றும்போது அந்த ஓரத்து எழுத்துக்குப் போக்கிடம் இல்லை.

இந்த ஊரில் அவர் ஒருவர் மட்டுமில்லை. 1847இல் மட்டும் பஞ்சத்துக்குத் தப்பி ஏறத்தாழ 3 லட்சம் அயர்லாந்துக்காரர்கள் இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். பலர் இங்கிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள், கையில் காசில்லாதவர்கள் இங்கேயே தங்கிப்போனார்கள். 1851 கணக்கெடுப்பில் ஊரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் அயர்லாந்தில் பிறந்தவர்கள். டி.பி. ஓ’கானர் என்ற ஐரிஷ் தேசியவாதி 1885 முதல் 1929 வரை இந்த ஊரின் ஒரு தொகுதிக்கு எம்.பி.யாக இருந்திருக்கிறார், இத்தனைக்கும் இது இங்கிலாந்து! இவ்வளவு கலந்தும் ‘கலந்தவர்கள்’ என்று ஒரு கூட்டம் ஏன் உருவாகவில்லை என்று அந்த அம்மாவிடமே கேட்டேன். ஆங்கிலேயப் புராட்டஸ்டன்டான அப்பா ஐரிஷ் கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டியதால் அவர் வீட்டார் யாரும் கல்யாணத்துக்கு வரவில்லையாம், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்பேன் என்று அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம். அப்புறம் பள்ளிக்கூடம், கோயில், சிநேகிதம் எல்லாம் அம்மா பக்கம்தான். நடுவில் நிற்க இடமே இருக்கவில்லை என்றார். உங்கள் ஊரில் எப்படி?

பர்மிங்காமிலிருந்து:

அக்கா, பக்கத்து வீட்டு அம்மாவின் கதையைச் சொல்கிறேன். 1974 நவம்பர் 21 அன்று இங்கே இரண்டு பப்களில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள், பழி அயர்லாந்துக்காரர்கள் எல்லோர் மேலும் விழுந்தது. அப்போது அவர் பள்ளி மாணவி. அப்பா சுத்தமான ஆங்கிலேயர், அம்மா அயர்லாந்தின் ராஸ்காமன் பக்கம். மறுநாளே வகுப்பில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை, அப்பா யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடையில் வாயைத் திறந்தால் பேச்சு வழக்கு காட்டிக் கொடுத்துவிடும் என்று அவர் அம்மா சாமானை விரலால் சுட்டிக் காட்டித்தான் வாங்குவாராம். செய்யாத குற்றத்துக்கு ஐரிஷ்காரர் ஆறு பேரைப் பிடித்து உள்ளே போட்டார்கள், 1991இல்தான் வெளியே விட்டார்கள். ஐரிஷ்காரர்களின் செயின்ட் பேட்ரிக் திருநாள் ஊர்வலம் நின்றுபோய், மறுபடி நடந்தது 1996இல். ஆனால் அதே பெண் கோடை விடுமுறைக்குப் பாட்டி ஊருக்குப் போனால் அங்கே மாமா பிள்ளைகள் அவரை ‘இங்கிலாந்துக்காரி’ என்றுதான் கூப்பிடுவார்களாம்! இந்தப் பக்கம் ஐரிஷ், அந்தப் பக்கம் இங்கிலீஷ். இரண்டும் அவர் தேர்ந்தெடுத்தது இல்லை.

இப்போது அவருடைய பையன்கள் காலம் வேறு. 2024 செப்டம்பரில் டப்ளினில் அயர்லாந்து–இங்கிலாந்து கால்பந்து ஆட்டத்தை அவர்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். மூத்தவன் பச்சைச் சட்டை, இளையவன் வெள்ளை. இங்கிலாந்துக்குக் கோல் போட்டது ரைஸும் கிரீலிஷும். ரைஸ் முன்பு அயர்லாந்தின் சீனியர் அணியில் ஆடியவர், கிரீலிஷ் அவர்களின் இளையோர் அணியில் ஆடியவர். அப்போது இங்கிலாந்தின் இடைக்காலப் பயிற்சியாளராக இருந்த கார்ஸ்லி எங்கள் பர்மிங்காமில் பிறந்து அயர்லாந்துக்காக 40 ஆட்டம் ஆடியவர். ரைஸ் கோல் போட்டுவிட்டுக் கொண்டாடவில்லை. மைதானமே அவரைத் திட்டிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா மட்டும் ‘அவன் பாட்டி கோர்க் ஊர்க்காரி’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பெல்ஃபாஸ்டிலிருந்து:

இங்கே நிலைமை தலைகீழ். 1998 அமைதி ஒப்பந்தப்படி, பிரிட்டனோடு சேர்ந்திருக்கும் வட அயர்லாந்தில் பிறந்தவர் தன்னைப் பிரிட்டிஷ், ஐரிஷ், அல்லது இரண்டும் என்று சொல்லிக்கொள்ளலாம், இரண்டு பாஸ்போர்ட்டும் வைத்துக்கொள்ளலாம். உரிமை கையில் இருக்கிறது. எத்தனை பேர் அதை எடுத்தார்கள்? 2021 கணக்கெடுப்பில் பிரிட்டிஷ் மட்டும் என்றவர்கள் 31.9 சதவீதம், ஐரிஷ் மட்டும் 29.1. இரண்டும் என்று மட்டும் எழுதியவர்கள் 0.6! இங்கே புராட்டஸ்டன்ட் என்றால் பெரும்பாலும் பிரிட்டிஷ், கத்தோலிக்கர் என்றால் ஐரிஷ் என்று எடுத்துக்கொள்வார்கள். வேலைக்குச் சேர்ந்தபோது என்னிடமே, தூத்துக்குடிக்காரனிடம், நீ புராட்டஸ்டன்ட் சமூகமா, கத்தோலிக்க சமூகமா, இரண்டும் இல்லையா என்று படிவம் கொடுத்தார்கள். பாகுபாடு நடக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் அந்தச் சட்டம், அதை நான் மதிக்கிறேன். என்னுடன் வேலை செய்பவர் ஒருவர், அப்பா புராட்டஸ்டன்ட், அம்மா கத்தோலிக்கர். இரண்டு பாஸ்போர்ட்டும் வைத்திருக்கிறார். கேட்டால் ‘நான் வட அயர்லாந்துக்காரன்’ என்பார். 19.8 சதவீதம் பேர் அந்தப் பதிலை மட்டும் எழுதியிருக்கிறார்கள். கலப்பை ஓர் இனமாகச் சொல்லாமல் மண்ணைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

மெல்பர்னிலிருந்து:

நீங்கள் தேடும் அந்தக் கலந்த கூட்டம் இங்கே இருக்கிறது. இங்கிலீஷும் ஐரிஷும் ஸ்காட்டிஷும் தலைமுறை தலைமுறையாகக் கல்யாணம் செய்து கலந்து, ‘ஆங்கிலோ-செல்டிக்’ என்று ஒட்டுமொத்தமாகச் சொல்கிறார்கள். ஆனால் யாரும் தன்னைப் பற்றி அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, ‘ஆஸ்திரேலியன்’ என்பதோடு சரி. இங்கேயும் ஒரு காலத்தில் சண்டை இருந்தது. முதல் உலகப் போரில் கட்டாய ராணுவச் சேவையை ஐரிஷ் பேராயர் மானிக்ஸ் எதிர்த்தபோது ஊரே இரண்டாகப் பிரிந்தது. என் வீட்டுக்காரரின் பாட்டி கலப்புக் கல்யாணம் செய்ததற்காகத் தன் அண்ணனோடு கடைசிவரை பேச்சு வார்த்தை இல்லாமலே போய்ச் சேர்ந்தாராம். பேரனுக்கு எந்தப் பக்கம் எந்த மதம் என்பதே மறந்துவிட்டது.

அடையாறிலிருந்து:

அன்னி பெசன்ட்டை மறந்துவிட்டீர்களே! லண்டனில் பிறந்தவர், ஆனால் தன் ரத்தத்தில் முக்கால் பங்கும் இதயம் முழுவதும் ஐரிஷ் என்று தானே எழுதிவைத்தார். 1916இல் இங்கிருந்து ஹோம் ரூல் இயக்கம் தொடங்கியபோது அந்தப் பெயரே அயர்லாந்துப் போராட்டத்திலிருந்து எடுத்ததுதான். கணக்குப் பார்த்தால் கலப்பு, மனதால் ஒரு பக்கம். அவரவர் தேர்வுதானே எல்லாம்?

லிவர்பூலிலிருந்து:

அடையாறு நண்பரே, முழுக்கத் தேர்வு என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பெசன்ட்டுக்கு மேடை இருந்தது. பர்மிங்காம் சிறுமிக்கு வகுப்பறையில் யார் கேட்டார்கள்? எல்லோரும் எழுதியதைப் படித்தபின் எனக்குத் தோன்றுவது, தனி இனம் என்று சொல்லும் அளவுக்கு இவர்களுக்கென்று ஒரு பெயரோ, ஒன்றுகூடும் இடமோ, தங்களுக்குள்ளேயே கொண்டு-கொடுத்து வந்த பழக்கமோ எங்குமே அமையவில்லை. மதம் அந்த வேலையை முதலிலேயே செய்து ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கிவிட்டது. ஆனால் அந்த இரட்டை வாழ்க்கை உண்மை. இரண்டு டிக் அடிக்க விட்டால் என்ன குறைந்துவிடும் என்று எங்கள் மேலாளரிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இருப்பவர்கள் யாராவது எழுதுங்களேன். கத்தோலிக்கர் பக்கக் கால்பந்து அணியான செல்டிக்கா, புராட்டஸ்டன்ட் பக்க அணியான ரேஞ்சர்ஸா என்பதை வைத்தே ஆளை எடைபோடும் ஊரில், அப்பா ஒரு கட்சி அம்மா ஒரு கட்சி என்ற வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.