கலைச்சொல் உதவி: பி.இ. விகிதத்துக்கு 'வருவாய்' பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு,

இளங்கலை வணிகவியல் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு நிறுவனத்தின் பி.இ. (price–earnings: பங்கின் விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்தால் வரும் எண்) ஆண்டுதோறும் ஏறி இறங்குவதை எப்படிப் புரிந்துகொள்வது என்பது பாடம். 'விலை–வருவாய் விகிதம்' என்று எழுதியிருக்கிறேன். கடந்த நான்கு காலாண்டு கணக்கில் வருவதற்கும், அடுத்த ஆண்டு மதிப்பீட்டில் வருவதற்கும் தனித்தனிப் பெயர் வேண்டும்.
— ஆசிரியை, திருச்சி

அம்மா, 'வருவாய்' வேண்டாம். கணக்கில் அது விற்று வந்த மொத்தப் பணம். இங்கே விலையை வகுப்பது, செலவும் வரியும் போக ஒரு பங்குக்கு மிஞ்சும் தொகை. பங்கு 200 ரூபாய், பங்குக்கு லாபம் 10 ரூபாய் என்றால் பி.இ. 20. மறு ஆண்டு லாபம் 2 ரூபாயாகச் சரிந்து, விலை 100க்கு வந்தால் பி.இ. 50. விலை பாதியாகியும் விகிதம் ஏறிவிட்டது! 2009இல் அமெரிக்காவின் பெருநிறுவனப் பங்குகளைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீட்டின் பி.இ. 100ஐத் தாண்டியதும் லாபம் கரைந்ததால்தான். இதை மாணவர் பிடித்துக்கொள்ள 'லாபம்' என்ற சொல் கண்ணில் பட்டே ஆக வேண்டும்.
— பட்டயக் கணக்கர், கோவை

லாபம் வடசொல். நம்மிடம் 'ஊதியம்' இருக்கிறதே! குறள் 461ஐப் பாருங்கள்: 'அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும் ஊதியமும் சூழ்ந்து செயல்'. போவது, வருவது, பின்னால் கிடைக்கப்போவது மூன்றும் அதில் உண்டு. அடுத்த ஆண்டு மதிப்பீட்டுக்கு 'வழிபயப்பு ஊதிய விகிதம்' என்றே வைக்கலாம். ஊதுதல், பருத்தல், ஊதியம் என்று இந்த வேர் நீள்வதாகவே நினைக்கிறேன்; தனி மடலில் எழுதுகிறேன்.
— தமிழாசிரியர் (ஓய்வு), மதுரை

ஐயா, குறள் அருமை. ஆனால் இன்று ஊதியம் என்றால் சம்பளம். 'விலை–ஊதிய விகிதம்' என்று தேர்வில் கேட்டால் பிள்ளைகள் விலைவாசியையும் கூலியையும் பற்றி எழுதிவிட்டு வருவார்கள்.
— ஆசிரியை

'லாப மடங்கு' எப்படி? லாபத்தைப் போல் எத்தனை மடங்கு விலை என்பதுதானே பொருள். பொருளியலாளர்கள் கேம்பல், ஷில்லர் இருவரும் 1988இல் முன்வைத்த, பணவீக்கம் நீக்கிய பத்தாண்டு லாபச் சராசரியால் விலையை வகுக்கும் கணக்கையும் 'பத்தாண்டுச் சராசரி லாப மடங்கு' எனலாம். ஓராண்டுச் சரிவு அதில் அவ்வளவாக ஆட்டம் காட்டாது.
— மொழிபெயர்ப்பாளர், சென்னை

'லாப மடங்கு 20' என்றால் லாபம் இருபது மடங்கு பெருகியதாகப் படிப்பார்களே. தலைப்பில் 'விலை–லாப விகிதம்', எண்ணைச் சொல்லும்போது மட்டும் 'மடங்கு' என்று வையுங்கள். நட்டம் வந்த ஆண்டுக்கு விகிதம் இல்லை என்று எண்ணுக்குப் பதில் ஒரு சிறு கோடு போட்டுவிடலாம்.
— பட்டயக் கணக்கர்

அப்படியே வைக்கிறேன்: 'கடந்த ஆண்டு விலை–லாப விகிதம்', 'எதிர்பார்ப்பு விலை–லாப விகிதம்'. நால்வர் தனி மடலிலும் இதையே ஆதரித்தார்கள். நன்றி.
— ஆசிரியை

என் மறுப்பு பதிவாகட்டும். வள்ளுவர் ஆண்ட சொல்லைச் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி எழுதுவேன்.
— தமிழாசிரியர், மதுரை