படிவுப்பாறைப் படுகைகளின் ஆழ்நீர் கடல்நீரைவிட உவர்ப்பாக இருப்பது ஏன்?

கேள்வி

வணக்கம். கடலடியில் படிந்த மணற்பாறையின் நுண்துளைகளில் அன்றைய கடல்நீரே இன்றும் சிறைப்பட்டிருக்கிறது என்று படித்திருக்கிறேன். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புதான் உண்டு. ஆனால் எண்ணெயோடு சேர்ந்து மேலே வரும் நீரில் 200 கிராமுக்கும் மேல் இருப்பதுண்டு என்கிறார்கள். இவ்வளவு உப்பு எங்கிருந்து வந்தது? அந்த நீர் நகர்கிறதா, நிற்கிறதா?

மறுமொழி 1

உப்பு வந்த வழியும் நீர் வந்த வழியும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டையும் தனித்தனியே கேட்பதுதான் முறை. உப்பைப் பொறுத்தவரை, கடல்நீரில் குளோரைடோடு சிறிதளவு கரைந்திருக்கும் புரோமைடைப் பாருங்கள். கடல்நீர் ஆவியாகிப் பாறையுப்பு படியும்போது புரோமைடு படிகத்துக்குள் மிகக் குறைவாகவே நுழைவதால், எஞ்சிய நீரில் அது சேர்ந்துகொண்டே போகிறது. கடல்நீரில் குளோரைடு புரோமைடைப் போல் எடையில் சுமார் 290 மடங்கு இருக்கிறது. இந்த விகிதம் அதைவிட வெகுவாகக் குறைந்திருந்தால், பாறையுப்பு படிந்தபின் எஞ்சிய கடல்நீரைக் கருதலாம். ஆயிரக்கணக்கில் இருந்தால், புதைந்த உப்புப் படிவை நீர் கரைத்திருக்கிறது என்று பொருள்.

எண்ணெய்க் கிணற்று மாதிரியாக இருந்தால் பொட்டாசியத்தையும் கவனியுங்கள். அது வழக்கத்துக்கு மாறாகக் கூடியிருந்தால், கிணறு தோண்டப் பயன்படுத்தும் துளையிடும் சேறு (அதில் பொட்டாசியம் உப்பு சேர்ப்பதுண்டு) கலந்திருக்கிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

மறுமொழி 2

நீரின் பிறப்பைச் சொல்வதற்கு ஐசோடோப்புகள், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள், உதவும். வட அமெரிக்காவின் இல்லினாய், மிச்சிகன், ஆல்பெர்ட்டா, மெக்சிகோ வளைகுடாக் கரை ஆகிய படுகைகளின் உவர்நீரை ஆராய்ந்த ராபர்ட் கிளேட்டனும் குழுவினரும், அதில் பெரும்பகுதி மழைநீர் வழி வந்தது என்று 1966இல் வெளியிட்டனர். சூடான சுண்ணாம்புப் பாறையோடு ஆக்சிஜனைப் பரிமாறிக்கொள்ளும் நீரில் எடை கூடிய ஆக்சிஜனான ஆக்சிஜன்-18 கூடுகிறது. பாறையில் ஹைட்ரஜன் மிகக் குறைவு என்பதால் டியூட்டிரியம் (எடை கூடிய ஹைட்ரஜன்) அவ்வளவாக மாறுவதில்லை; எனவே நீரின் பிறப்பை அது காட்டிக்கொடுக்கும். பிற்காலப் புரோமைடு ஆய்வுகள் இல்லினாய்ப் படுகையில் ஆவியான கடல்நீரின் பங்கையும் காட்டின. ஆகவே பல படுகைகளில் இருப்பது கலப்பு நீரே என்பது என் கருத்து.

மறுமொழி 3

பாறையும் சும்மா இருப்பதில்லை. சுண்ணாம்புப் பாறை மக்னீசியம் சேர்ந்த டோலமைட்டாக மாறும்போது நீரிலுள்ள மக்னீசியம் குறைந்து கால்சியம் ஏறுகிறது. சல்பேட்டைப் பாக்டீரியாக்கள் சல்பைடாக்கிவிடுகின்றன. அதனால் ஆழத்தில் சோடியம்–கால்சியம்–குளோரைடு வகை நீரே மிகுதி.

நகர்வு பற்றிக் கேட்டீர்கள். நீர் நகரத்தான் செய்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே காரணத்தால் அல்ல. மேட்டு நிலத்தில் இறங்கிய மழைநீர் தாழ்நிலத்தில் வெளியேறுவதை நிலத்தடி நீர் ஆய்வாளர் யோசெப் டோத் 1963இல் உள்ளூர், இடைநிலை, வட்டார ஓட்டங்கள் என்று பிரித்துக் காட்டினார். வேகமாகப் புதையும் இளம் படுகைகளிலோ, மேலே குவியும் படிவின் எடை களிப்பாறையை நசுக்கி நீரைப் பிழிந்தெடுக்கிறது. வெளியேற வழி போதாத இடத்தில் அழுத்தம் மிகுகிறது. மணற்பாறையைவிடக் களிப்பாறை பத்து லட்சம் மடங்கு குறைவாகக்கூட நீரைக் கடத்தும். மேலும், கனமான உவர்நீர் அடியில் தங்கிவிட்டால் மேலிருந்து வரும் நன்னீரால் அதை எளிதில் தள்ள முடியாது.

கிணறுகளின் நீர்மட்டங்களை ஒப்பிடும்போது அடர்த்தி வேறுபாட்டைத் திருத்திக்கொள்ளுங்கள். இல்லையெனில் ஓட்டத்தின் திசையே தலைகீழாகத் தெரியக்கூடும்.