தேய்ந்துபோன பல்சர் சாவி: ஓடும்போதே கழன்று விழுகிறது, என்ன செய்யலாம்?

கேட்டவர்: கூடலூர், தேனி மாவட்டம்

வணக்கம். என்னுடையது 2011 மாடல் பல்சர் 150. கட்டப்பனையில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. என்.ஓ.சி. வாங்கி ஆர்.சி.யை என் பெயருக்கு மாற்றிவிட்டேன். ஆனால் வண்டியோடு வந்தது ஒரே ஒரு சாவிதான்.

தினமும் கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போய்வருகிறேன். சாவியை முழுசாக உள்ளே விட்டால் திரும்பாது. ஒரு நூல் வெளியே இழுத்து, மேல்பக்கமாகத் தூக்கிப் பிடித்தால்தான் திரும்பும். சாரல் மழையில் கை விறைத்திருக்கும்போது பெரும்பாடு. போன வாரம் இறங்கி வரும்போது சாவி தானாகவே கழன்று ரோட்டில் விழுந்துவிட்டது, இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. வளைவில் மெதுவாக வந்ததால் விழுந்த இடம் தெரிந்தது.

ஒரு கடையில் டூப்ளிகேட் போட்டேன், அது திரும்பவே இல்லை. இன்னொரு கடையில் "உள்ளே சிப் இருக்கும், அதனால்தான்" என்கிறார்கள். முழு லாக் செட்டையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா? சாவியின் படத்தைக் கீழே போட்டிருக்கிறேன்.

பதில்: மெக்கானிக், லோயர் கேம்ப்

தம்பி, முதலில் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். பல் தெளிவாகத் தெரியும் படம் இருந்தால், தெரிந்தவன் அதை வைத்தே சாவி வெட்டிவிடுவான்.

அந்த வண்டியில் சிப் எதுவும் கிடையாது. சிப் பிரச்சினை என்றால் சாவி நன்றாகத் திரும்பும், இன்ஜின்தான் ஸ்டார்ட் ஆகாது. உங்களுக்குத் திரும்புவதே இல்லை, அப்படியென்றால் கோளாறு சாவியிலோ பூட்டிலோதான்.

எதில் என்று பார்க்க, அதே சாவியைப் பெட்ரோல் டேங்க் மூடியில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் இழுத்துத் தூக்கினால்தான் திறக்கிறது என்றால் சாவி தேய்ந்திருக்கிறது. அங்கே சுலபமாகத் திறந்து, இக்னிஷனில் மட்டும் முரண்டு பிடித்தால் இக்னிஷன் பூட்டு தேய்ந்திருக்கிறது. பல வண்டிகளில் இரண்டுமே சேர்ந்துதான் இருக்கும்.

பதில்: குமுளி

ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டுப் பாருங்க அண்ணே. என் வண்டிக்குச் சரியாச்சு.

பதில்: சாவி வெட்டுபவர், கம்பம்

எண்ணெய் வேண்டவே வேண்டாம். எந்த எண்ணெயும் ரோட்டுத் தூசியைப் பிடித்து உள்ளே களிம்பாக்கிவிடும். அதிலும் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பிக்கும். வண்டன்மேட்டில் மார்கழிக் காலையில் அது பூட்டுக்குள் கட்டியாக நிற்கும். கிராஃபைட் தூள் கொஞ்சம் ஊதிவிட்டால் போதும். கிடைக்காவிட்டால் பென்சில் முனையைச் சாவியின் மேல் நன்றாகத் தேய்த்து, உள்ளே விட்டு எடுங்கள்.

இப்போது உங்கள் டூப்ளிகேட் ஏன் வேலை செய்யவில்லை என்று சொல்கிறேன். பூட்டுக்குள் ஸ்பிரிங் வைத்த மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கும். சாவியின் ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு தகட்டைச் சரியான உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்தால்தான் நடு உருளை சுற்றும். உங்கள் சாவி தேய்ந்து மேடுகள் மழுங்கிவிட்டன, அந்தக் குறையை உங்கள் கை தூக்கிப் பிடித்துச் சரிக்கட்டுகிறது. மெஷினில் வைத்து நகல் எடுத்தால் தேய்மானமும் அப்படியே நகலாகும், மெஷினின் பிசகும் அதோடு சேரும்.

படத்தை எடுப்பதற்கு முன் பார்த்துவிட்டேன். சாவித் தலையில் கம்பெனி முத்திரையும் இல்லை, எண்ணும் இல்லை. நீங்கள் ஒரிஜினல் என்று நினைப்பதே ஒரு டூப்ளிகேட்தான். கட்டப்பனைக்காரரிடம் போன் போட்டு, புது வண்டியோடு வந்த, சாவி எண் பொறித்த சின்ன வில்லை எங்காவது கிடக்கிறதா என்று கேளுங்கள். எண் கிடைத்தால் தேய்மானம் இல்லாத அசல் அளவிலேயே வெட்டலாம்.

கிடைக்கவில்லையா, டேங்க் மூடியைக் கழற்றிக்கொண்டு வாருங்கள். இக்னிஷனைத் தினமும் பலமுறை திருப்புகிறோம், டேங்கைப் பெட்ரோல் போடும்போது மட்டும்தான் திறக்கிறோம். அதனால் அதன் தகடுகள் அநேகமாகப் புதிதுபோலவே இருக்கும். அந்தத் தகடுகளை அளந்து புதுச் சாவி வெட்டலாம். ஆர்.சி.யும் லைசென்சும் கையில் இருக்கட்டும், அது இல்லாமல் நான் யாருக்கும் வெட்டித் தருவதில்லை.

ஆனால் ஓடும்போது சாவி கழல்வது வேறு விஷயம். நல்ல பூட்டில் ஆன் நிலையில் தகடுகள் சாவியைப் பிடித்துக்கொள்ளும், இழுத்தாலும் வராது. உங்களுக்கு வருகிறது என்றால் தகடுகளும் தேய்ந்திருக்கின்றன. புதுச் சாவிக்குப் பிறகும் வந்தால் பூட்டை மாற்றுங்கள், மலைப்பாதையில் அதோடு ஓட்டாதீர்கள். வீட்டுச் சாவி, தோட்டத்து கேட் சாவி எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் தொங்கவிடுவதையும் நிறுத்துங்கள். அந்தப் பாரம் குலுங்கிக் குலுங்கித்தான் பாதித் தேய்மானம் வருகிறது.

பதில்: குமுளி

எண்ணெய் இனி இல்லை, நன்றி. இதோடு இன்னொரு சந்தேகம். மச்சானிடம் ஹோண்டா சி.பி.300ஆர் இருக்கிறது. டூப்ளிகேட் சாவி நன்றாகத் திரும்புகிறது, மீட்டர் எரிகிறது, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை. சாவி வடிவ விளக்கு அணையாமல் நிற்கிறது.

பதில்: மெக்கானிக், லோயர் கேம்ப்

அதுதான் நிஜமான சிப் பிரச்சினை. ஹோண்டாவில் இந்தத் திருட்டுத் தடுப்பு அமைப்பை ஹிஸ் (HISS) என்பார்கள். சாவித் தலைக்குள் பேட்டரி இல்லாத சின்ன சிப் இருக்கும். பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் அதற்கு மின்சாரம் கொடுத்து அடையாளத்தைப் படிக்கும். அடையாளம் சரியாக இருந்தால் சில நொடிகளில் விளக்கு அணையும். இல்லாவிட்டால் இ.சி.எம்., அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி, இன்ஜினை ஓடவிடாது. வெறும் சாவியை மட்டும் வெட்டியதால்தான் இப்படி.

சிப் உள்ள சாவி வாங்கி, பழைய சாவியையும் கொண்டுபோய் டீலரிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். எல்லாச் சாவியும் தொலைந்துவிட்டால் இ.சி.எம்.மையே மாற்ற வேண்டிவரும், செலவு எக்கச்சக்கம். ஒரே சாவி மிஞ்சியிருக்கும்போதே போய்விடுவது நல்லது. பழைய சாவியைப் போட்டும் விளக்கு அணையவில்லை என்றால், வளையத்தில் வேறு வண்டியின் சிப் சாவி கோத்திருக்கிறதா என்று பாருங்கள். அது குறுக்கிடும்.

யமஹாவின் சில மாடல்களில் சிவப்புச் சாவி ஒன்று தருவார்கள். புதுச் சாவியைப் பதிவு செய்ய மட்டுமே அது. அதை மாட்டி வண்டி ஓட்டக் கூடாது, பீரோவில் வைக்க வேண்டும்.

பதில்: உத்தமபாளையம்

ஒன்று சொல்ல விட்டுப்போனது. வண்டி திருடுபோய் இன்சூரன்ஸ் கேட்டால், எல்லா ஒரிஜினல் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வார்கள். சாவி தொலைந்தால் போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து, அதைப் பதிவு செய்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வையுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் ரெண்டாவது சாவியைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேட்டவர்: கூடலூர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. கட்டப்பனைக்காரரிடம் எண் வில்லை இல்லை. டேங்க் மூடியைக் கழற்றிக்கொண்டு கம்பம் போனேன். புதுச் சாவியில் டேங்கும் சீட்டும் வெண்ணெய் மாதிரித் திறக்கின்றன. இக்னிஷனும் தூக்கிப் பிடிக்காமலே திரும்புகிறது. ஆனால் ஆன் நிலையில் இழுத்தால் இன்னும் வெளியே வருகிறது. இக்னிஷன் மட்டும் மாற்றவா, முழு செட்டா?

பதில்: சாவி வெட்டுபவர், கம்பம்

இக்னிஷன் மட்டும் மாற்றினால் ரெண்டு விதச் சாவி சுமக்க வேண்டும். முழு செட்டே போடுங்கள் தம்பி, விலையில் பெரிய வித்தியாசம் வராது. பெட்டியில் எண் இருந்தால் அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள். ரெண்டு சாவி வரும், ஒன்றை வீட்டில் வையுங்கள். வண்டி இருக்கும்வரை டூப்ளிகேட்டை வீட்டில் வைத்த அந்தச் சாவியிலிருந்துதான் எடுக்க வேண்டும், ஓட்டுகிற சாவியிலிருந்து எடுக்கக் கூடாது.