பச்சை இறைச்சி உண்ணும் நாய்க்குக் காய்கறியும் சோறும் தேவையா?

கேள்வி – பொங்கோல்வாசி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் சிங்கப்பூரின் பொங்கோலில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் வசிக்கிறோம். மணி என்ற கலப்பின நாயைத் தத்தெடுத்து வளர்த்து வருகிறோம். அதற்கு நான்கு வயது, எடை 13 கிலோ. தோல் அரிப்பு நீங்கும் என்று நம்பி உலர் தீனியை நிறுத்திவிட்டேன். மூன்று மாதங்களாக ஈரச்சந்தையில் வாங்கும் கோழிக் கழுத்து, கோழித் தொடை, ஆட்டு ஈரல் ஆகியவற்றைச் சமைக்காமல் கொடுத்து வருகிறேன்.

நாய் ஓநாயின் வழிவந்தது, ஆகவே காய்கறியோ தானியமோ சிறிதும் தேவையில்லை என்று செல்லப்பிராணிக் கடைக்காரர் ஒருவர் உறுதியாகச் சொன்னார். என் மாமியாரோ, ஊரில் வளர்த்த நாய்களெல்லாம் சோறும் குழம்பும் தின்றே நெடுநாள் வாழ்ந்தன, வெறும் கறி வயிற்றைக் கெடுத்துவிடும் என்று வருந்துகிறார். நான் வேலைக்குப் போன பிறகு அவர் மணிக்குச் சாம்பார் சாதம் பிசைந்து வைப்பதை அண்மையில்தான் அறிந்தேன். இரண்டு வாரங்களாக மணியின் மலம் வெளுத்து, சுண்ணாம்புக் கட்டிபோல் இறுகி உதிர்கிறது. அது முக்கி முக்கிச் சிரமப்படுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. இருவரில் யார் சொல்வதைக் கேட்பது?

பதில் – செம்பவாங் செவிலி

நான் விலங்கு மருந்தகத்தில் செவிலியாகப் பல ஆண்டுகள் பணியாற்றியவள். முதலில் சாம்பாரை இன்றே நிறுத்துங்கள். குற்றம் சோற்றில் இல்லை, வெங்காயத்தில் இருக்கிறது. வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயமே இரத்தத்தில் மாற்றத்தைக் காட்டப் போதும் என்பதோடு, சிறிது சிறிதாகத் தொடர்ந்து கொடுத்தாலும் பாதிப்பு உண்டு. உங்கள் மாமியார் அன்பினால் செய்வதை அன்போடே எடுத்துச் சொல்லுங்கள்.

வெளுத்து உதிரும் மலம் எலும்பு மிகுதியாகிவிட்டதன் அடையாளம். கோழிக் கழுத்தில் எலும்பின் பங்கு அதிகம். அதைக் குறைத்துச் சதையைக் கூட்டுங்கள். இரண்டு மூன்று நாட்களில் மாறாவிட்டாலோ, நாய் வாந்தி எடுத்தாலோ, சாப்பிட மறுத்தாலோ மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வளர்ந்த நாய்க்கு மாச்சத்து உணவில் இருந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தேவையான சர்க்கரையை அதன் கல்லீரல் புரதத்திலிருந்தே உருவாக்கிக்கொள்ளும். வைட்டமின் சி-யும் அப்படியே. இந்த அளவில் கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் மாச்சத்து கட்டாயமில்லை என்பதிலிருந்து இறைச்சி மட்டும் போதும் என்ற முடிவுக்குத் தாவியதுதான் அவர் செய்த பிழை. எலும்பில்லாத கோழிச்சதையில் சுண்ணாம்புச்சத்தைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. நாய்க்கு வேண்டியதோ பாஸ்பரசுக்குச் சமமாகவோ இரண்டு மடங்கு வரையோ சுண்ணாம்புச்சத்து. அந்தக் குறையை எலும்பு ஈடுகட்டிவிடும் என்றாலும், மாங்கனீசு, வைட்டமின் ஈ, அயோடின், துத்தநாகம் ஆகியவை கோழியை மட்டுமே நம்பும் தட்டில் போதிய அளவு சேர்வதில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2013-இல் வீட்டில் தயாரிக்கும் நாயுணவுக்கான 200 குறிப்புகளைச் சோதித்தபோது, அவற்றில் 95 விழுக்காட்டில் ஏதேனும் ஓர் இன்றியமையாச் சத்து குறைவாக இருந்தது. அக்குறிப்புகளில் பலவற்றை எழுதியவர்கள் விலங்கு மருத்துவர்களே என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சோறு வேண்டுமா என்றால், அது தீங்கும் அன்று, கட்டாயமும் அன்று. 2013-இல் நேச்சர் ஆய்விதழில் வெளிவந்த மரபணு ஆய்வின்படி, மாச்சத்தைச் சீரணிக்கும் அமைலேசு நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 படிகள் (நகல்கள்) மட்டுமே இருக்க, நாய்களிடம் 4 முதல் 30 படிகள் வரை இருக்கின்றன. மனிதரோடு வாழ்ந்து, மனிதர் உண்டு மீந்ததை உண்டே நாய் நாயானது. ஆகவே ஊரில் சோறு தின்ற நாய்கள் நன்றாக வாழ்ந்ததில் வியப்பில்லை. நன்கு குழைய வேகவைத்த சோறு அவற்றுக்கு எளிதில் செரிக்கும். சினையாக இருக்கும் நாய்களுக்கும் குட்டிகளுக்குப் பாலூட்டும் நாய்களுக்கும் மாச்சத்து பயன் தரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பதில் – வனவழி

செவிலி அம்மையாரின் அனுபவத்தை மதிக்கிறேன். இருப்பினும் காய்கறி பற்றி மாறுபடுகிறேன். பச்சை உணவு முறையை 1990-களில் பரப்பிய ஆஸ்திரேலிய விலங்கு மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் காய்கறியையும் அதில் சேர்த்தார். அதன்பின் வந்த எங்களைப் போன்றவர்கள் அதை நீக்கி, 80 பங்கு சதை, 10 பங்கு எலும்பு, 10 பங்கு உள்ளுறுப்பு என்று வைத்துக்கொண்டோம். ஓநாய் இரையின் வயிற்றிலுள்ள புல்லைத் தின்கிறது என்று பலர் சொல்வார்கள். ஆனால் பெரிய விலங்கை வீழ்த்திய ஓநாய் இரைப்பையைக் கிழித்து, உள்ளிருக்கும் தழையை உதறிவிட்டுச் சுவரை மட்டுமே உண்பதாக ஓநாய்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த டேவிட் மெக் எழுதியிருக்கிறார். என் இரு நாய்களும் ஆறு ஆண்டுகளாகக் காய்கறி தொடாமல் நலமாக உள்ளன.

பதில் – செம்பவாங் செவிலி

இரைப்பை பற்றி நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் ஓநாய் அந்த இரையின் உரோமம், தோல், குருத்தெலும்பு, குடல், இரத்தம் அனைத்தையும் விழுங்குகிறது. செரிக்காத உரோமமும் தோலும் அதன் குடலில் நார்ச்சத்தின் வேலையைச் செய்கின்றன. நமக்குச் சந்தையில் கிடைப்பதோ இறகு பறித்து, குடல் நீக்கி, கழுவிக் கொடுக்கும் கோழி. முழு இரை கிடைக்காத இடத்தில் காய்கறி அந்த நாரின் இடத்தை நிரப்புகிறது. அந்நாரைக் குடல் நுண்ணுயிரிகள் நொதிக்கவைக்கும்போது உருவாகும் கொழுப்பு அமிலங்கள் பெருங்குடலின் உட்சுவருக்கு உணவாகின்றன. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஓநாய்கள் கோடைக்காலத்தில் அவுரிநெல்லிப் பழங்களைத் தின்று, அவற்றைக் குட்டிகளுக்கும் கக்கிக் கொடுப்பதைப் பதிவு செய்துள்ளனர் என்பதையும் மறக்க வேண்டாம்.

உங்கள் நாய்கள் நலமாயிருப்பது மகிழ்ச்சி. ஆனால் மாங்கனீசுக் குறையோ வைட்டமின் ஈ குறையோ வெளிப்பார்வைக்கு நெடுநாள் தெரிவதில்லை.

பதில் – ஈசூன் பாட்டி

காய்கறி கொடுப்பதென்றால் கொடுக்கும் முறை முக்கியம். பச்சைக் கேரட்டைத் துண்டாக்கிக் கொடுத்தால் உள்ளே போன வடிவத்திலேயே வெளியே வரும்; செல்சுவரை உடைக்கும் நொதி நாயிடம் கிடையாது. நான் மஞ்சள் பூசணி, பீன்ஸ், கேரட் ஆகியவற்றை உப்பில்லாமல் வேகவைத்து மசித்து, பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்து, ஒரு வேளைக்கு இரண்டு கட்டிகள் எடுத்துக்கொள்கிறேன். பசலைக்கீரையை மட்டும் அன்றாடம் கொடுக்காதீர்கள். அதில் ஆக்சலேட்டு மிகுதி. எங்கள் ஷ்னாசர் நாய்க்குச் சிறுநீர்ப்பையில் கால்சியம் ஆக்சலேட்டுக் கல் உருவாகி அறுவை சிகிச்சை வரை போனது, அந்த இனமே அந்நோய்க்கு எளிதில் ஆளாகக்கூடியது என்று பிறகுதான் அறிந்தேன். திராட்சையும் கூடவே கூடாது.

பதில் – பொங்கோல்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாமியாரிடம் வெங்காயம் பற்றிச் சொன்னவுடன் அவர் கண்கலங்கிவிட்டார். இனி மணிக்கெனத் தனியாகக் குழைந்த சோறு ஒரு கரண்டி வைப்பதாகச் சொல்கிறார், நானும் சம்மதித்தேன். கழுத்தைப் பாதியாகக் குறைத்துப் பூசணி சேர்த்ததில் மூன்றாம் நாளே மலம் பழுப்பாகி இளகியது. ஒன்றை மட்டும் கேட்க விரும்புகிறேன்: மாங்கனீசுக்கு எதைக் கொடுப்பது?

பதில் – செம்பவாங் செவிலி

பச்சை நிற ஓடுடைய மட்டிச் சிப்பியை வேகவைத்து, ஓடு நீக்கி, வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் கொடுக்கலாம். அதிலுள்ள மாங்கனீசு கோழிச்சதையில் உள்ளதைப்போல் பல மடங்கு. மீனெண்ணெய் சேர்ப்பதாக இருந்தால் வைட்டமின் ஈ தேவையும் கூடும் என்பதால், அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வீட்டில் முதியவர் இருக்கிறார். இறைச்சியை உறையவைப்பதால் சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி சாவதில்லை. நம் ஊர் வெப்பத்தில் மணி உண்டு மீந்ததை அரைமணி நேரத்துக்குள் எடுத்துவிட்டு, தட்டையும் தரையையும் அதற்கெனத் தனியாக வைத்த துணியால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.