உதவி: குடியாத்தம் பிக்கப்பா, காலையில சாயுற சொகுசு காரா?

இலவம்பாடிக்காரன்:
வணக்கம். அணைக்கட்டு பக்கம் ஒன்றரை ஏக்கர் முள்ளுக் கத்தரி போட்டிருக்கோம். நாலஞ்சு நாளைக்கு ஒரு பறிப்பு, வாடகை வண்டியில வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குப் போகும். கையில 5 லட்சம் இருக்கு. நைனா குடியாத்தத்துல 2017 பொலீரோ பிக்கப் பார்த்து வெச்சிருக்காரு. நான் பார்த்தது 2011 ஜெர்மன் செடான், ஏர் சஸ்பென்ஷன், லெதர் சீட்டு. ரெண்டும் ஒரே விலை! ஒரே குறை, காலையில போய்ப் பார்த்தா முன்பக்கம் இடது ஓரம் நாலு விரல் இறங்கி நிக்குது. ஸ்டார்ட் பண்ணா எழுந்துடுது. குளிருக்கு அப்படித்தான்னு ஓனர் சொல்றாரு. வேலூர்ல ஏது குளிரு?

காட்பாடி டீசல்:
குளிரும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஸ்பிரிங்குக்கு பதிலா அதுல ரப்பர் காத்துப் பை. வயசானா மடிப்புல வெடிப்பு விடும், ராத்திரி காத்து இறங்கும். ஸ்டார்ட் பண்ணதும் கம்ப்ரெஸர் ஊதித் தூக்கிடும், அதான் உங்களுக்கு நேரா தெரியுது. கசிவை ஈடுகட்ட அது ஓயாம ஓடி, கடைசியில அதுவும் புகைஞ்சிடும். சோப்புத் தண்ணி அடிச்சுப் பாருங்க, கசியுற இடத்துல குமிழ் வரும். ஒரு பை போச்சுன்னா ஜோடியா மாத்துறதுதான் நல்லது. இன்னொண்ணு, 2011 வண்டிக்கு 15 வருஷம் 2026ல முடியுது. ஆர்.சி.யை, அதான் வண்டிப் பதிவைப் புதுப்பிக்கணும், அதுவும் 5 வருஷத்துக்குத்தான்.

மண்டிக்காரன்:
தம்பி, பிக்கப்பையும் கண்ணை மூடிக்கிட்டு வாங்காத. அடியில படுத்துப் பாரு. பின்னாடி பட்டை ஸ்பிரிங் மாட்டுற இடத்துல சேஸிஸ்ல புது வெல்டிங், புது பெயின்ட் இருந்தா ஓவர்லோடு அடிச்ச வண்டி. ஈர மணல் ஏத்துன வண்டின்னா தொட்டியோட மூலையெல்லாம் துரு தின்னிருக்கும். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திற, புகை குபுகுபுன்னு வந்தா திரும்பிப் பார்க்காம வந்துடு. 8 வருஷம் தாண்டுன சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு, அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடு. ஆர்.சி.ல மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டலைன்னா பர்மிட் வேணாம். வண்டி மேல லோன் இருந்துச்சுன்னா, ஆர்.சி.ல ஃபைனான்ஸ்காரன் பேரு ரத்து ஆகாம காசு குடுக்காத.

இலவம்பாடிக்காரன்:
என்கிட்ட கார் லைசென்ஸ்தான் இருக்கு அண்ணா. மஞ்சள் போர்டு ஓட்டலாமா? கல்யாணம் காட்சின்னா வீட்டாளுங்களைப் பின்னாடி உட்கார வெச்சுக்கலாமா?

மண்டிக்காரன்:
ஓட்டலாம். வண்டியோட மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ள இருந்தா எல்.எம்.வி. லைசென்ஸே, அதான் உன் கார் லைசென்ஸே போதும்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. ஆனா தொட்டியில ஆளை ஏத்தாத. கேஸும் ஆகும், அடிபட்டா இன்சூரன்ஸும் கையை விரிச்சிடும்.

பள்ளிகொண்டா பையன்:
நான் ரெண்டையும் வேணாம்பேன். கத்தரி ஓய்ஞ்ச மாசத்துல பிக்கப் சும்மா நிக்குமே? வருஷத்துக்கு எத்தனை நடை, வாடகை எவ்ளோன்னு முதல்ல எழுதிப் பாருங்க ப்ரோ.

இலவம்பாடிக்காரன்:
எழுதிப் பார்த்தேன். நம்ம நடை மட்டும்னா வாடகைதான் லாபம். பக்கத்து நிலத்துக்காரங்க ரெண்டு பேர் அவங்க காயையும் ஏத்தச் சொல்றாங்க, அதோட சேர்த்தா பிக்கப் கட்டுப்படி ஆகும். மனசு கேக்காம கார் ஓனருக்கும் போன் பண்ணேன். நாளைக்கு காலையில 6 மணிக்கு மெக்கானிக்கோட வர்றேன்னேன். "அவசரம் இன்னா சார், 10 மணிக்கு மேல வாங்க, நான் ஸ்டார்ட் பண்ணி ரெடியா வெக்கறேன்"னாரு. நைனா பக்கத்துல உட்கார்ந்து கேட்டுட்டு சிரிக்கறாரு.