பூடில் குட்டி சீப்பைப் பார்த்தாலே கடிக்க வருகிறான், ஆறு மாதம் வரை விட்டுவிடலாமா?

சாம்பல்மேகம்:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்கு டாய் பூடில் குட்டி ஒன்று வந்திருக்கிறான், வயது ஒன்பது வாரம், கறுப்பு நிறம். நாய் வளர்ப்பது எங்களுக்குப் புதிதில்லை, ஆனால் முன்பு இருந்தது குட்டை முடி நாய், எப்போதாவது ஈரத்துணியால் துடைத்துவிட்டால் வேலை முடிந்தது. இவனுக்கு அப்படி இல்லை, தினமும் சீவ வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பிரச்சினை என்னவென்றால், சீப்பைக் கையில் எடுத்த உடனே அதைக் கடிக்க வருகிறான், மடியில் அழுத்திப் பிடித்தால் வீடே அதிரும்படி கத்துகிறான். இப்போதைக்கு முடி மெத்தென்று இருக்கிறது, ஒரு சிக்குகூட இல்லை. ஆறு மாதம் ஆகட்டும், கொஞ்சம் புத்தி வந்ததும் பழக்கிக்கொள்ளலாம் என்கிறாள் மனைவி, எனக்கும் அது சரியென்றுதான் படுகிறது. வளர்த்தவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

அப்புறம், தடுப்பூசி எல்லாம் முடியும் வரை வாசல் தாண்டிக் கொண்டுபோகவே கூடாதா? ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பாடு? கொஞ்ச நேரம் தனியாக விட்டாலும் அழுகிறான், அதற்கும் ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

சீப்பும்_கத்தரியும்:

ஆறு மாதம் வரை விடவே விடாதீர்கள். நாய்களுக்கு முடி திருத்துவதுதான் என் தொழில், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இப்போது இருப்பது குட்டி முடி. மிருதுவானது, அவ்வளவு எளிதில் சிக்காது. ஒன்பது மாதம், ஒரு வயது வாக்கில் பெரிய நாயின் முடி முளைக்கத் தொடங்கும், அது தடிமனாக, சுருட்டையாக இருக்கும். பழைய முடியும் புது முடியும் கலந்து கிடக்கிற அந்தச் சில மாதங்களில்தான் காலையில் சீவினால் மாலையில் சிக்கு விழுந்திருக்கும். பூடிலுக்கு முடி கொட்டாது என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது பாதிதான் உண்மை. கொட்டுகிற முடி தரையில் விழாமல் சுருளுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது, அதை நாம்தான் சீவி எடுக்க வேண்டும். சீப்பே பழகாத நாய்க்கு அந்தச் சமயத்தில் முதல்முறையாகச் சீவ ஆரம்பித்தால், சீப்பு என்றாலே வலி என்று அதன் மனதில் பதிந்துவிடும். பிறகு அதை மாற்றுவதற்குப் பல மாதம் பாடுபட வேண்டியிருக்கும். அப்படி என்னிடம் வரும் நாய்களைப் பார்க்கும்போது உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கும், அவற்றின் மேல் எந்தத் தப்பும் இல்லை.

ஆகவே இப்போது நீங்கள் சீவுவது முடிக்காக அல்ல, அவனைப் பழக்குவதற்காக. நன்றாக விளையாடிக் களைத்துத் தூக்கம் வருகிற நேரமாகப் பாருங்கள். சீப்பைக் காட்டுங்கள், அவன் முகர்ந்து பார்த்தால் ஒரு துணுக்குத் தீனி. மறுபடி காட்டி மறுபடி கொடுங்கள். அது போதும், அன்றைக்கு சீவவே வேண்டாம். அடுத்தடுத்த நாட்களில் சீப்பின் முதுகால் தோளை ஒரு தடவு தடவிவிட்டுத் தீனி, பிறகு பல் பக்கத்தால் இரண்டு இழுப்பு. அழுத்திப் பிடிக்காதீர்கள். அவன் திமிறத் தொடங்குவதற்கு முன்பே நீங்கள் நிறுத்திவிட வேண்டும், கத்திய பிறகு நிறுத்தினால் கத்தினால் விடுவார்கள் என்று கற்றுக்கொள்வான். இதோடு சேர்த்துக் கால் விரல்களுக்கு நடுவே, காது மடல், உதடு, தாடை, வால் அடி எல்லாவற்றையும் தினமும் கையால் தொட்டுப் பழக்குங்கள். நாளைக்கு நகம் வெட்டுவதும் பல் தேய்ப்பதும் இதில்தான் இருக்கிறது.

கருவி இரண்டு போதும், மென்மையான கம்பி உள்ள ஸ்லிக்கர் பிரஷ் ஒன்று, ஒரு பக்கம் அகலப் பல்லும் மறுபக்கம் நெருக்கப் பல்லும் உள்ள உலோகச் சீப்பு ஒன்று. மேலோட்டமாக பிரஷ் போட்டால் வெளியே பளபளவென்று தெரியும், அடியில் தோலோடு ஒட்டி சடை பிடித்திருக்கும். அதனால் முடியை வகிடு எடுத்துத் தோல் தெரிகிற அளவுக்குப் பிரித்து, அடியிலிருந்து நுனி வரை வரிசை வரிசையாகப் போக வேண்டும், முடிவில் சீப்பு தடங்கலில்லாமல் ஓடினால்தான் சீவியதாக அர்த்தம். காதுக்குப் பின்னால், முன்னங்கால் இடுக்கு, கழுத்துப்பட்டையும் ஹார்னஸும் உரசுகிற இடம், இவைதான் முதலில் சிக்கு விழும் இடங்கள். குளிப்பாட்டுவதற்கு முன்பே சீவிவிடுங்கள், தண்ணீர் பட்டால் சிக்கு இறுகிவிடும். குளித்த பிறகும் தானாகக் காயட்டும் என்று விடாமல், சூடு குறைவாக வைத்து டிரையரால் காற்றடித்துக்கொண்டே பிரஷ் போடுங்கள்.

ஒன்று மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: சிக்கைக் கத்தரியால் வெட்ட முயலாதீர்கள். சடைக்குள் தோலும் இழுபட்டு வந்திருக்கும், வெளியே தெரியாது, தோல் சேர்ந்து கிழிந்துவிடும். ரொம்ப முற்றிவிட்டால் கிளிப்பரால், அதாவது முடி வெட்டும் மெஷினால், ஒட்ட வெட்டிவிடுவதே அவனுக்குச் சுகம். முடி திரும்ப வளரும்.

பழையவீட்டுத்திண்ணை:

தம்பி, மேலே சொன்னதெல்லாம் சரி. நான் உடம்பு விஷயம் சொல்கிறேன், டாய் பூடில் வளர்த்திருக்கிறேன்.

முதலில் சாப்பாடு. இந்த அளவுக் குட்டிக்கு உடம்பில் சேமிப்பே கிடையாது. நீண்ட நேரம் வயிறு காலியாக இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். தள்ளாடுவான், நடுங்குவான், கூப்பிட்டால் திரும்ப மாட்டான், முற்றினால் வலிப்பு வரும். அப்படி ஏதாவது தெரிந்தால் கொஞ்சம் தேனோ சர்க்கரைக் கரைசலோ விரலில் தொட்டு ஈறில் தடவிவிட்டு நேராக டாக்டரிடம் ஓடுங்கள், மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும். இதனால்தான் இந்த வயதில் நாள் உணவை நாலு வேளையாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்வார்கள், இரவு படுக்கும் முன்பும் ஒரு வேளை இருக்கட்டும். வளர வளரக் குறைத்துக்கொள்ளலாம். சாக்லேட், திராட்சை, வெங்காயம், சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்ப்பது) கலந்த இனிப்பு எல்லாம் அவனுக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

தடுப்பூசி பற்றிக் கேட்டீர்கள். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற உயிர்க்கொல்லி வைரஸ் நோய்களுக்கான ஊசிகள் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், குறைந்தது 16 வாரம் வரை போகும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கும், அது எப்போது வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், அதனால்தான் இத்தனை தடவை. ஆனால் குட்டி உலகத்தைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்கிற பருவம் ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பதினாலாவது வாரம் வரைதான். ஊசி முடியட்டும் என்று வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் அந்தப் பருவம் போயே போய்விடும். கையில் தூக்கிக்கொண்டு போங்கள். வண்டிச் சத்தம், குடை, குழந்தைகள், தொப்பி போட்டவர்கள் எல்லாம் பார்க்கட்டும். தெரியாத நாய்கள் நடமாடும் தரையில் மட்டும் இறக்கிவிடாதீர்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம், சோபா, கட்டிலிலிருந்து குதிக்க விடாதீர்கள். இவர்களுடைய முன்னங்கால் எலும்பு குச்சி மாதிரி, சின்ன உயரத்திலிருந்து விழுந்தாலே முறிந்துவிடும். ஓடும்போது திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் போய், பிறகு ஒன்றும் நடக்காதது போல ஓடினால் முழங்கால் சில்லு நழுவுகிறதா என்று காட்டிவிடுங்கள், டாய், மினியேச்சர் என்ற இரண்டு சின்ன அளவுப் பூடில்களிலும் இது அதிகம். ஆறு மாதம் வாக்கில் வாயைத் திறந்து பாருங்கள், பால்பல் விழாமல் பக்கத்திலேயே புதுப் பல்லும் முளைத்திருந்தால் டாக்டரிடம் சொல்லி எடுக்க வேண்டும்.

ஈரமூக்கு:

தனிமை பற்றி மட்டும் சொல்கிறேன். பூடில் ஆளோடு ஒட்டிக்கொண்டே இருக்கிற இனம், அதோடு பயங்கர மூளை, நீங்கள் சாவி எடுக்கிற சத்தத்தைச் சில நாளிலேயே படித்துவிடும். முதலில் மெல்லுவதற்கு ஏதாவது கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய் உடனே திரும்பி வாருங்கள், அழுவதற்கு முன்பே வர வேண்டும். நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுங்கள். போகும்போதும் வரும்போதும் கொஞ்சல் வேண்டாம். இரவில் அழுதால் அழட்டும் என்று விடுவதில் எனக்கு உடன்பாடில்லை, தாயையும் கூடப் பிறந்ததையும் விட்டு இப்போதுதான் வந்திருக்கிறான், படுக்கையை உங்கள் கட்டில் பக்கத்திலேயே போடுங்கள். பிறகு மெதுவாகத் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

சாம்பல்மேகம்:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு எல்லாருக்கும் மிக்க நன்றி. மனைவியிடமும் படித்துக் காட்டினேன், ஆறு மாதப் பேச்சு இனி இல்லை. கடைசியாக இரண்டு கேள்வி. காதுக்குள் முடி நிறைய இருக்கிறது, அதைப் பிடுங்க வேண்டுமா? முதல் முடிவெட்டு எப்போது?

சீப்பும்_கத்தரியும்:

காது முடியை முன்பெல்லாம் எல்லா பூடிலுக்கும் வழக்கமாகவே பிடுங்குவோம். இப்போது காது ஆரோக்கியமாக இருந்தால் சும்மா விடுங்கள் என்று சொல்லும் மருத்துவர்கள் நிறைய, பிடுங்கிய இடம் புண்ணாகி அதிலேயே தொற்று வரலாம். நானும் டாக்டர் சொன்னால் மட்டும்தான் தொடுவேன். வாரம் ஒருமுறை மடலைத் தூக்கிப் பாருங்கள், நாற்றம், சிவப்பு, பழுப்பு அழுக்கு, தலையை உதறிக்கொண்டே இருப்பது, இதில் எது இருந்தாலும் காட்டிவிடுங்கள். குளித்த பிறகு காதை உலர்த்த மறக்காதீர்கள்.

முடிவெட்டுக்கு, எந்த ஊசிக்குப் பிறகு வெளி இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அதற்கப்புறம் தாமதிக்காமல் போங்கள். முதல்முறை முழு வெட்டு வேண்டாம். முகம், பாதம், வால் அடி, இவ்வளவுதான், மீதி நேரம் மேசையில் நின்று கிளிப்பர் சத்தம் கேட்டுப் பழகினால் போதும். பிறகு நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை. போவதற்கு முன்பு ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள், நாய் அடங்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று. மயக்க மருந்து கொடுப்போம் என்று முடி வெட்டுபவர் சொன்னால் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள், அது கால்நடை மருத்துவர் மட்டுமே முடிவு செய்து கொடுக்க வேண்டியது. இன்றைக்கு முடியவில்லை, நிறுத்திக்கொள்கிறேன், இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்கிறவரிடம் கொடுங்கள்.